திரைக்கு அந்தப் பக்கம் யார்?

இதயம் தளர்ந்து ரத்தத்தைச் சரியாக இறைக்க முடியாமல் போனவர்களுக்கு, மூச்சுத் திணறல் வருவதற்குச் சில நாட்கள் முன்பே உடம்பில் நீர் கோக்கத் தொடங்கும். காலில் வீக்கம் தெரியும், எடை ஒன்றிரண்டு கிலோ கூடும். அந்த நேரத்தில் யாராவது கவனித்து நீர் பிரியும் மாத்திரையைச் சற்றுக் கூட்டிக் கொடுத்துவிட்டால், நள்ளிரவில் ஆம்புலன்சுக்கு அலைய வேண்டியதில்லை. ஆகவே நோயாளி தினமும் வீட்டிலேயே எடை பார்த்துத் தொலைபேசி வழியாக மருத்துவமனைக்குத் தெரிவித்தால் உயிர்கள் பிழைக்கும் என்ற யோசனை எவருக்கும் தோன்றக்கூடியது.

அமெரிக்காவில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். இதயச் செயலிழப்பால் அண்மையில் மருத்துவமனையில் படுத்தெழுந்த 1,653 பேரில் ஒரு பாதியினர் தினமும் ஒரு தொலைபேசி எண்ணை அழைக்க வேண்டும். பதிவு செய்யப்பட்ட குரல் கேள்வி கேட்கும், எண்களை அழுத்திப் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதில்களை வார நாட்களில் மருத்துவமனைப் பணியாளர்கள் பார்ப்பார்கள். 2010-இல் முடிவு வந்தது. ஆறு மாதத்தில் மீண்டும் மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் அல்லது இறந்தவர்களின் விகிதம் தொலைபேசிக் கண்காணிப்பு இருந்தவர்களிடம் 52.3%, இல்லாதவர்களிடம் 51.5%. அதாவது பயன் ஏதுமில்லை. ஏழில் ஒருவர் ஒரு முறைகூட அந்த எண்ணை அழைக்கவில்லை. அழைத்தவர்களிலும் பலர் நாளடைவில் நிறுத்திவிட்டார்கள்.

எட்டாண்டு கழித்து, 2018-இல், ஜெர்மனியிலிருந்து இன்னொரு முடிவு வந்தது. அதே நோய், 1,571 நோயாளிகள். இவர்களில் பாதிப் பேர் தினமும் எடை, ரத்த அழுத்தம், இ.சி.ஜி., ஆக்சிஜன் அளவு ஆகியவற்றை வீட்டிலிருந்து அனுப்பினார்கள். அவை போய்ச் சேர்ந்த இடத்தில்தான் வேறுபாடு. பெர்லினின் சரித்தே மருத்துவமனையில் 24 மணி நேரமும் மருத்துவர்களும் செவிலியர்களும் உட்கார்ந்திருக்கும் ஒரு மையம் இருந்தது. மாதம் ஒரு முறை செவிலியர் நோயாளியை அழைத்துப் பேசுவார். எடை ஏறினால் அன்றைக்கே மருந்து மாறும். நோயாளியின் குடும்ப மருத்துவருக்கும் தகவல் போகும். ஆண்டுக்கு நூற்றுக்கு இறப்பு விகிதம் கண்காணிப்பு இல்லாதவர்களிடம் 11.3, இருந்தவர்களிடம் 7.9. தினசரி அனுப்புவதை ஏறக்குறைய அனைவரும் கடைசிவரை விடாமல் செய்தார்கள். தன்னை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தவர்கள் ஏன் விடப்போகிறார்கள்?

மின்னணு மருத்துவத் தொழில்நுட்பம் நோயாளிக்கு நன்மை செய்யுமா என்ற கேள்விக்கு, கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் உலகெங்கும் நடந்த முயற்சிகளை ஓரளவு தொடர்ந்து படித்து வருபவன் என்ற முறையில், எனக்குக் கிடைத்த பதில் இந்த இரண்டு ஆய்வுகளின் இடைவெளியில்தான் இருக்கிறது. கருவி அனுப்பும் தகவலைப் பெற்றுக்கொள்ள ஒரு மனிதர் வேண்டும். பெற்றதும் ஏதாவது செய்வதற்கான அதிகாரமும் நேரமும் மருந்தும் அவரிடம் இருக்க வேண்டும். அப்படியொருவர் இருந்த இடங்களில் மிகச் சாதாரணமான கருவிகூட உயிர் காத்திருக்கிறது. இல்லாத இடங்களில் மிக நுட்பமான கருவியும் வெறும் எண்களைச் சேர்த்துவைத்ததோடு சரி.

தொலைவைக் கடப்பதில் தொடங்குவோம். 2000-ஆம் ஆண்டு மார்ச்சில், ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் உள்ள அரகொண்டா என்ற கிராமத்தில் அப்பல்லோ குழுமம் அமைத்த தொலை மருத்துவ மையத்தை அன்றைய அமெரிக்க அதிபர் பில் கிளின்டன் தொடங்கிவைத்தார். செயற்கைக்கோள் வழியே கிராமமும் நகர மருத்துவமனையும் பேசிக்கொள்ளும் காட்சி அப்போது பெரும் வியப்பு. அதன் பிறகு பல மாநிலங்களில் பல மையங்கள் திறக்கப்பட்டன. திறப்பு விழாவோடு தூசி படிந்தவையும் அவற்றில் உண்டு.

நிலைத்து நின்றவற்றில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் பார்வை மையங்களைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய மருத்துவமனை அது. ஊர் ஊராக முகாம் நடத்துவதில் பேர் போனது. ஆனால் முகாமுக்கு வருபவர்கள் பெரும்பாலும் கண்புரைக்காரர்கள். கண்ணாடி தேவைப்படும் பள்ளிக்கூடத்துப் பெண்ணும், கண் சிவந்து உறுத்தும் விவசாயியும், கண் நீர் அழுத்தம் சத்தமில்லாமல் ஏறிக்கொண்டிருக்கும் நடுவயதுக்காரரும் முகாமுக்காகக் காத்திருக்க முடியாது. ஆகவே 2004 முதல், ஏறக்குறைய 50,000 மக்கள்தொகைக்கு ஒன்று என்ற கணக்கில், சிற்றூர்களிலேயே நிரந்தரமாகச் சிறு மையங்களைத் திறக்கத் தொடங்கினார்கள்.

அன்றைக்குக் கிராமங்களில் இணைய வேகம் வீடியோவில் முகம் பார்க்கக்கூடப் போதாது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வந்து, வீட்டுக்குள் பயன்படுத்தும் வைஃபையையே உயரமான கோபுரங்களில் திசை ஆண்டெனா கட்டிப் பல கிலோமீட்டர் தூரம் பாய வைத்து, தேனி மருத்துவமனையையும் சுற்றியுள்ள மையங்களையும் இணைத்தார்கள். தொழில்நுட்பக் கதையாகச் சொன்னால் சுவையான பகுதி இதுதான். ஆனால் மையம் நடப்பது கோபுரத்தால் அல்ல. பிளஸ் டூ முடித்து, இரண்டாண்டுப் பயிற்சி பெற்ற ஒரு கிராமத்துப் பெண் அங்கே இருக்கிறார். ஸ்லிட் லாம்பில் கண்ணைப் பார்ப்பது, பவர் சோதிப்பது, அழுத்தம் அளப்பது, படம் எடுத்துக் கணினியில் ஏற்றுவது எல்லாம் அவர் வேலை. அவர் முடித்ததும், தொலைவில் உள்ள மருத்துவர் திரையில் தோன்றி நோயாளியிடமே பேசுகிறார். கண்ணாடி வேண்டுமென்றால் அங்கேயே கிடைக்கும். அறுவை சிகிச்சை வேண்டுமென்றால் எங்கே, எந்த நாளில் போக வேண்டும் என்று சொல்லியனுப்புகிறார்கள். வருபவர்களில் பெரும்பாலோரின் குறை அந்தச் சின்ன அறைக்குள்ளேயே தீர்ந்துவிடுகிறது. ஒரு நாள் கூலியையும் பஸ் கட்டணத்தையும் துணைக்கு வருபவரின் கூலியையும் இழக்காமல் கண் காட்ட முடிகிறது என்பதை எந்த வரவுசெலவுக் கணக்கும் முழுதாகக் காட்டாது. இப்போது இந்த மையங்கள் நூறைத் தாண்டிவிட்டன.

இதையும், நோயாளியே கைபேசியில் மருத்துவரைத் தேடும் செயலிகளையும் ஒன்றாக நினைக்கக் கூடாது. கொரோனாக் காலத்தில், 2020 மார்ச் 25 அன்று, தொலைவழி மருத்துவத்துக்கான நெறிமுறைகளை மத்திய அரசு வெளியிட்டது. இ-சஞ்சீவனி சேவை வேகம் பிடித்து 2023 பிப்ரவரியில் 10 கோடி ஆலோசனைகளைக் கடந்தது. அவற்றில் பெரும்பகுதி நோயாளி தனியாகத் தன் கைபேசியில் பேசியவை அல்ல. துணை சுகாதார நிலையத்தில் ஒரு பணியாளர் உடன் இருந்து மருத்துவருடன் இணைத்தவை. காரணம் எளிது. வயிற்றைத் தொட்டு எங்கே வலிக்கிறது என்று பார்க்கவும், ரத்த அழுத்தம் எடுக்கவும், எழுதிக் கொடுத்த மாத்திரையை அங்கேயே எண்ணிக் கொடுக்கவும் ஒரு கை வேண்டியிருக்கிறது. இன்னொரு காரணமும் உண்டு. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில், இணையத்தை ஒரு முறையாவது பயன்படுத்திய பெண்கள் நாட்டில் 33.3% தான். ஆண்கள் 57.1%. செயலியை மட்டும் நம்பிக் கட்டப்படும் மருத்துவம், நோயுற்ற பெண்ணுக்கு முன்னால் அவள் கணவனின் அல்லது மகனின் கைபேசியைச் சென்றடைகிறது.

மாரடைப்பு இன்னும் கறாரான தேர்வு. இதயக் குழாய் முழுதாக அடைபட்டால் ஒவ்வொரு நிமிடமும் தசை செத்துக்கொண்டிருக்கும். சிற்றூர் மருத்துவமனையில் இ.சி.ஜி. எடுத்தாலும், அதைப் படித்துச் சொல்ல நிபுணர் இல்லை. சொன்னாலும் ஆஞ்சியோ செய்யும் கேத் லேப் இல்லை. கோவையின் இதயநோய் மருத்துவர் தாமஸ் அலெக்சாண்டர், சென்னையின் அஜித் முல்லசாரி முதலியோர் தமிழ்நாட்டில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். சிறு மருத்துவமனைகளையும் கேத் லேப் உள்ள பெரிய மருத்துவமனையையும் ஒரு கொத்தாக்கி, இடையில் இ.சி.ஜி.யைக் கைபேசி வலையமைப்பில் அனுப்பும் கருவியை வைத்தார்கள். 108 ஆம்புலன்சைச் சேர்த்தார்கள். செலவுக்கு முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தைச் சேர்த்தார்கள். சிறு மருத்துவமனையிலேயே ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட்டுவிட்டு, பிறகு பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் வரிசையையும் வகுத்தார்கள்.

2012 முதல் 2014 வரை நான்கு கொத்துகளில் 2,420 நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்து, 2017-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஆஞ்சியோ கிடைத்தவர்கள் 35%-லிருந்து 60.8% ஆனார்கள். ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6%-லிருந்து 14.2% ஆகக் குறைந்தார்கள். இந்தியா போன்ற நாட்டில் நூற்றுக்கு மூன்று பேர் என்பது எத்தனை குடும்பங்கள் என்று யோசித்துப் பாருங்கள். இந்தச் சங்கிலியில் மின்னணுக் கருவி ஒரே ஒரு கண்ணி. ஆம்புலன்சை எடுத்துவிட்டாலோ காப்பீட்டை எடுத்துவிட்டாலோ, அனுப்பிய இ.சி.ஜி. அழகான கோடுகளாகத் திரையிலேயே நின்றிருக்கும்.

இப்போது ஆவணங்களுக்கு வருவோம். நம் நோயாளிகள் தங்கள் வரலாற்றைத் துணிப்பையிலும் ஜவுளிக்கடைக் கவரிலும் சுமந்து திரிகிறார்கள். எக்ஸ்ரே மடங்கியிருக்கும், பழைய சீட்டில் மை அழிந்திருக்கும், முக்கியமான ஒரு தாள் வீட்டிலேயே விட்டுப்போயிருக்கும். மருத்துவர் மறுபடி எல்லாப் பரிசோதனைகளையும் எழுதுவார். மின்னணு ஆவணம் வேண்டும் என்பதற்கு இந்தப் பை ஒன்றே போதிய சான்று. 2021 செப்டம்பரில் நாடு முழுவதும் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கம், 14 இலக்க ஆபா எண் ஒன்றின் கீழ் வெவ்வேறு மருத்துவமனைகளின் ஆவணங்களை நோயாளியின் ஒப்புதலோடு இணைக்கப் பார்க்கிறது. எண் பெற்றவர்கள் பல கோடி. ஆனால் எண்ணுக்குப் பின்னால் பயனுள்ள ஆவணம் இருக்கிறதா, ஓ.பி.யில் உட்கார்ந்திருக்கும் மருத்துவருக்கு அதைத் திறந்து பார்க்க நேரம் இருக்கிறதா என்பவை வேறு கேள்விகள். 2017-இல் வெளிவந்த பன்னாட்டு ஒப்பீடு ஒன்றில் ஸ்வீடனில் ஒரு ஆலோசனை சராசரியாக 22 நிமிடம் நீண்டது. இந்தியாவில் ஏறத்தாழ 2 நிமிடம். அந்த இரண்டு நிமிடத்தில் ஒன்றரை நிமிடத்தைத் தட்டச்சு எடுத்துக்கொண்டால் நோயாளியின் முகத்தைப் பார்ப்பது எப்போது?

இது வெறும் மரியாதைப் பிரச்சினை அல்ல. உயிர்ப் பிரச்சினையாகவும் ஆகலாம் என்பதற்குப் பிட்ஸ்பர்க் ஒரு பாடம். அங்குள்ள குழந்தைகள் மருத்துவமனை ஒன்றில் மருந்துச் சீட்டை முழுக்கக் கணினிக்கு மாற்றினார்கள். கையெழுத்துக் குழப்பம் தீர்ந்து குழந்தைகளுக்கு நன்மை விளையும் என்றே எல்லோரும் எதிர்பார்த்தார்கள். 2005-இல் அந்த மருத்துவமனை மருத்துவர்களே வெளியிட்ட ஆய்வின்படி, வேறிடங்களிலிருந்து அவசரமாகக் கொண்டுவரப்பட்ட குழந்தைகளின் இறப்பு விகிதம் 2.8%-லிருந்து 6.57% ஆக ஏறியிருந்தது. முன்பெல்லாம் ஆம்புலன்ஸ் வந்துகொண்டிருக்கும்போதே மருந்துகளை எடுத்துத் தயாராக வைப்பார்கள். புதிய முறையில் குழந்தை வந்து சேர்ந்து, பெயர் பதிந்த பிறகுதான் கணினி மருந்தெழுத விடும். படுக்கையருகே நிற்க வேண்டியவர்கள் திரையருகே நின்றார்கள். பின்னர் சியாட்டில் நகரின் குழந்தைகள் மருத்துவமனை அதே மென்பொருளைப் பிட்ஸ்பர்க்கின் அனுபவத்தைக் கேட்டறிந்து, வேலை ஓட்டத்தை முன்கூட்டியே சரிசெய்துகொண்டு நிறுவியது. அங்கே இறப்பு ஏறவில்லை. இவை முன்-பின் ஒப்பீடுகள்தான், இறுதித் தீர்ப்பாகச் சொல்ல முடியாது. ஆனாலும் ஒரு மென்பொருளை ‘நல்லது’, ‘கெட்டது’ என்று சொல்வதில் பொருளில்லை என்பதை இதைவிடத் தெளிவாக நான் வேறெங்கும் படித்ததில்லை.

சரியாகச் செய்தால் கிடைக்கும் பலன் சிறிதல்ல. பாஸ்டனில் உள்ள பிரிகாம் அண்ட் விமன்ஸ் மருத்துவமனையில், மருந்துப் பொட்டலத்திலும் நோயாளியின் கைப்பட்டையிலும் உள்ள பார்கோடை செவிலியர் ஸ்கேன் செய்து, இரண்டும் பொருந்தினால்தான் மருந்து கொடுக்கலாம் என்று வைத்தார்கள். தவறான மருந்து, தவறான அளவு போன்ற பிழைகள் 41% குறைந்தன. ஒரு தாளிலிருந்து இன்னொரு தாளுக்குப் பெயர்த்தெழுதும்போது நேரும் பிழைகள் அறவே ஒழிந்தன. பலசரக்குக் கடைக் கருவிதான். அது சரியான இடத்தில், மருந்தைக் கொடுக்கப் போகும் அந்தக் கணத்தில், கொடுக்கப் போகும் அந்தக் கையிடமே கேள்வி கேட்கிறது.

இலங்கையிலிருந்து ஒரு சிறு எடுத்துக்காட்டு. 2020-இன் தொடக்கத்தில், கொரோனா பரவத் தொடங்கியபோதே, விமான நிலையத்தில் வந்திறங்கியவர்களைப் பதிந்து தொடர்வதற்கு அங்குள்ள வல்லுநர்கள் டி.எச்.ஐ.எஸ்.2 என்ற திறந்த மென்பொருளைச் சில நாட்களில் தகவமைத்துவிட்டார்கள். பிற நாடுகளும் பின்னர் அதைப் பின்பற்றின. அங்கே பகுதிக்குப் பகுதி பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் பல தலைமுறைகளாக வேலை செய்து வருகிறார்கள். திரையில் வந்த பெயரைத் தேடிப் போய் வீட்டுக் கதவைத் தட்ட ஆள் ஏற்கெனவே இருந்தார்.

இனி, செயற்கை நுண்ணறிவு. இன்றைக்கு அதிகம் பேசப்படுவது இதுதான். இதிலும் நம் ஊருக்குப் பங்கு உண்டு. சர்க்கரை நோயால் விழித்திரை பழுதாவதைப் படத்தைப் பார்த்தே கண்டறியும் கூகுளின் நிரல், அரவிந்த், சங்கர நேத்ராலயா போன்ற இந்திய மருத்துவமனைகளின் படங்களையும் கொண்டு பயிற்றுவிக்கப்பட்டது. 1,28,175 படங்களில் கற்ற அந்த நிரல் நிபுணர்களுக்கு நிகராகக் கணிக்கிறது என்று 2016-இல் செய்தி வந்தபோது மருத்துவ உலகம் நிமிர்ந்து உட்கார்ந்தது. 2019-இல் அந்த இரு மருத்துவமனைகளிலும் 3,049 நோயாளிகளிடம் நேரடியாகச் சோதித்தபோதும் நன்றாகவே செய்தது.

பிறகு அதைத் தாய்லாந்தின் 11 சிறு மருத்துவ நிலையங்களுக்குக் கொண்டுபோனார்கள். அவற்றில் பெரும்பாலானவற்றில் இருட்டறை கிடையாது, வெளிச்சமான அறையில் எடுத்த படம் மங்கலாக வந்தது. தரம் போதாது என்று 1,838 படங்களில் 21 விழுக்காட்டை நிரல் திருப்பியனுப்பியது. திருப்பியனுப்பப்பட்டவர் இன்னொரு நாள், தொலைவிலுள்ள கண் மருத்துவரிடம் போக வேண்டும். படத்தில் கோளாறு எதுவும் இல்லை என்று செவிலியருக்குத் தன் கண்ணுக்கே தெரிந்தாலும் அப்படித்தான். இணையம் மந்தமான நாட்களில் வரிசை நீண்டது. இதை மறைக்காமல் கூகுளின் ஆய்வாளர்களே 2020-இல் எழுதினார்கள். அதற்கு நான் மதிப்பளிக்கிறேன். நிரல் தன் ஆய்வகத் தேர்வில் தோற்கவில்லை. அறையின் விளக்கையும் பஸ் கட்டணத்தையும் அந்தத் தேர்வில் யாரும் கேட்டிருக்கவில்லை.

செப்சிஸ் எனப்படும் ரத்த நச்சுப் பாதிப்பை முன்கூட்டியே எச்சரிக்கும் நிரல்களின் கதையும் இதே வகைதான். அமெரிக்க மருத்துவமனைகளில் பரவலாக நிறுவப்பட்ட ஒரு நிரலை மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர் 27,697 நோயாளிகளிடம் சோதித்து 2021-இல் வெளியிட்டார்கள். செப்சிஸ் வந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரை அது கவனிக்கத் தவறியிருந்தது. ஆனால் அனுமதிக்கப்பட்டவர்களில் 18% பேருக்கு எச்சரிக்கை மணி அடித்திருந்தது. ஓயாமல் அடிக்கும் மணிக்கு எந்தச் செவிலியர் ஓடி வருவார்? மறுபுறம், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழுவினர் ஐந்து மருத்துவமனைகளில் வைத்த இன்னொரு நிரலைப் பற்றி 2022-இல் எழுதினார்கள். எச்சரிக்கை வந்த மூன்று மணி நேரத்துக்குள் மருத்துவர் ஒருவர் பார்த்து உறுதிசெய்த நோயாளிகளிடம் இறப்பு 18.7% குறைவாக இருந்தது. விரைந்து கவனிக்கப்பட்டவர்கள் வேறு வகையிலும் வேறுபட்டிருக்கலாம் என்பதால் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. ஆனால் அளவுகோலே ‘மருத்துவர் பார்த்தாரா’ என்பதாக இருந்ததைக் கவனியுங்கள்.

ஸ்வீடனில் 80,000-க்கும் மேற்பட்ட பெண்களை வைத்து நடந்த மார்பகப் புற்றுநோய்ச் சோதனை இந்த வகையில் எனக்கு மிகுந்த நம்பிக்கை தந்த ஒன்று. இரண்டு நிபுணர்கள் ஒவ்வொரு படத்தையும் பார்ப்பது அங்கே வழக்கம். நிரல் படங்களைப் பிரித்துக் கொடுத்து, ஐயத்துக்குரியவற்றை மட்டும் இருவர் பார்க்கும்படி செய்ததில், படிக்கும் வேலை 44% குறைந்தது. கண்டுபிடிக்கப்பட்ட புற்றுநோய்கள் குறையவில்லை. நிபுணர் பஞ்சம் உள்ள நம் மாவட்ட மருத்துவமனைகளுக்கு இந்த வகைப் பயன்பாடே பொருந்தும். மருத்துவரை நீக்குவதற்கு அல்ல, அவருடைய கண்ணை எங்கே வைக்க வேண்டும் என்று காட்டுவதற்கு.

கருவிகள் எல்லோரையும் ஒரே மாதிரி அளப்பதும் இல்லை. கொரோனாக் காலத்தில் நாம் வீடு வீடாக வாங்கி வைத்த பல்ஸ் ஆக்சிமீட்டர் தோல் வழியே ஒளியைப் பாய்ச்சி அளப்பது. 2020-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஆக்சிஜன் ஆபத்தான அளவுக்குக் குறைந்திருந்தும் கருவி ‘சரியாக இருக்கிறது’ என்று காட்டியது, கறுப்பினத்தவரிடம் வெள்ளையரைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம் என்று தெரிந்தது. நம் தோல் நிறங்களுக்கு ஏற்பக் கருவிகள் சோதிக்கப்பட்டிருக்கின்றனவா என்று கேட்பது நம் அரசுகளின் கடமை. வாங்கும்போதே கேட்க வேண்டியது இது.

காசநோய்க்கு இரண்டு முயற்சிகளைச் சொல்ல வேண்டும். ஆறு மாதம் விடாமல் மாத்திரை விழுங்குவதைக் கண்காணிக்க ‘99 டாட்ஸ்’ என்று ஒரு வழி வந்தது. மாத்திரையை எடுத்ததும் அட்டைக்குள் மறைந்திருக்கும் எண் தெரியும். அதற்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் போதும். மலிவான, அறிவார்ந்த யோசனை. சென்னை, வேலூர், மும்பை நோயாளிகளிடம் சிறுநீரில் மருந்தின் தடயத்தைச் சோதித்துப் பார்த்தபோது, கணக்கும் உண்மையும் பொருந்தவில்லை. மாத்திரை போட்ட பலர் அழைக்கவில்லை. அழைத்த சிலர் போடவில்லை. சிக்னல் இல்லாத ஊர், கைபேசி இல்லாத வீடு, நோய் வெளியே தெரிந்துவிடுமோ என்ற அச்சம் இவை எதுவும் மிஸ்டு காலில் பதிவாவதில்லை.

இரண்டாவது, தமிழ்நாடு 2022 ஏப்ரலில் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம். சென்னையிலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்தின் துணையோடு நடப்பது. காசநோய் என்று உறுதியானதுமே, அந்த ஆள் எவ்வளவு மெலிந்திருக்கிறார், மூச்சு எப்படி, காலில் வீக்கம் உண்டா, பிடிமானமின்றி எழுந்து நிற்க முடிகிறதா என்று பார்க்கிறார்கள். தாளில் தொடங்கிய இந்தக் கணிப்பு பின்னர் இணையச் செயலிக்கும் போனது. இறப்பு வாய்ப்பைக் கணிக்கும் மாதிரியும் சேர்க்கப்பட்டது. நிலைமை மோசம் என்று காட்டினால் உடனே படுக்கை, ஊட்டம், ஆக்சிஜன். எடைக் கருவியும் உயர அளவியும் வைத்துக்கொண்டு செய்யக்கூடிய கணக்கு. ஆனாலும் அந்தக் கணக்கின் முடிவில் ஒரு படுக்கை காத்திருக்கிறது. இரண்டில் எதைப் பின்பற்றுவது என்று என்னைக் கேட்டால், தயங்காமல் இதைத்தான் சொல்வேன்.

தரவுக் கசிவையும் கணினித் தாக்குதலையும் பற்றிப் பேசாமல் முடியாது. 2017 மே மாதம் வான்னாக்ரை தாக்குதலில் இங்கிலாந்தின் பொது மருத்துவமனைகள் முடங்கி, ஆயிரக்கணக்கான சந்திப்புகள் ரத்தாயின. 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகள் தாக்கப்பட்டு, நாள் கணக்கில் எல்லாம் தாளுக்கும் பேனாவுக்கும் திரும்பியது. இவற்றைவிட என்னை உலுக்கியது பின்லாந்தின் வாஸ்தாமோ என்ற மனநல ஆலோசனை நிறுவனத்தில் நடந்தது. மனநல ஆலோசகரிடம் மக்கள் மனம் திறந்து சொன்னவை திருடப்பட்டு, 2020-இல் நோயாளிகளுக்கே மிரட்டல் கடிதம் போனது. இந்தியாவில் 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. ஆனால் எச்.ஐ.வி., காசநோய், மனநோய், கருக்கலைப்பு போன்றவற்றில் ஒரு வரி வெளியே கசிந்தால் திருமணமும் வேலையும் வாடகை வீடும் போய்விடும் சமூகம் நம்முடையது. சட்டத்தின் அபராதம் அதை ஈடுகட்டாது.

என் பெரியம்மாவின் அனுபவம் ஒன்று. பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்தவருக்கு இரவு பத்து மணிக்குக் கைபேசியில் முடிவு வந்துவிட்டது. முழுக்க ஆங்கிலம். ஓர் எண் மட்டும் சிவப்பில். “என்னப்பா, எனக்கு மட்டும் செவப்பா போட்டிருக்கான்?” என்று என்னை எழுப்பிக் கேட்டார். எனக்கும் தெரியவில்லை. ஆய்வகத்தின் எண்ணை அழைத்தால் பதிவு செய்த குரல். காலைவரை இருவரும் தூங்கவில்லை. மறுநாள் மருத்துவர் பார்த்துவிட்டு, “ஒங்க வயசுக்கும் நீங்க போடுற மாத்திரைக்கும் இது இப்படித்தாம்மா இருக்கும்” என்று அரை நிமிடத்தில் முடித்தார். அந்த அரை நிமிடச் சொல்லை இரவே, தமிழில், எவராவது சொல்லியிருக்கலாம். தன் உடம்பைப் பற்றிய ஆவணத்தைத் தன் மொழியில் படிக்க முடியாத நோயாளிக்கு அந்த ஆவணம் சொந்தமாகிவிட்டது என்று எப்படிச் சொல்வது? டிஸ்சார்ஜ் சம்மரியில் மருந்தின் பெயர், வேளை, எந்த அறிகுறி வந்தால் ஓடி வர வேண்டும் என்ற மூன்றையாவது தமிழில் அச்சிடக் கணினிக்குச் சிரமமே இல்லை. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

மருத்துவமனைக்கு ஒரு மென்பொருளை வாங்கும்போது ஒப்பந்தப் புள்ளியில் ஆயிரம் நிபந்தனைகள் எழுதுகிறார்கள். எச்சரிக்கை வந்தால் யாருடைய கைபேசி ஒலிக்கும், இரவு இரண்டு மணிக்கு அவர் எடுக்காவிட்டால் அடுத்து யாருடையது, வந்து பார்க்க அவருக்குச் சம்பளம் எந்தத் தலைப்பில் என்ற மூன்று வரிகளையும் அதில் சேர்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன். பெர்லினில் உட்கார்ந்திருந்தவர்களுக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

நம்மூரில் திரைக்கு அந்தப் பக்கத்தில் பெரும்பாலும் இருப்பவர் கிராம சுகாதார செவிலியர். தமிழ்நாட்டில் ஒவ்வொரு கர்ப்பத்தையும் பிக்மி என்ற இணையதளத்தில் பதிகிறார்கள். 2017 முதல், அதில் கிடைக்கும் எண் இல்லாமல் பிறப்புச் சான்றிதழ் வாங்க முடியாது. ஹீமோகுளோபின் எவ்வளவு, முந்தைய பிரசவம் எப்படி, ரத்த அழுத்தம் ஏறியதா என்று ஒவ்வொன்றையும் ஏற்றுவது அவர்தான். பதிவேட்டிலும் எழுதி, கணினியிலும் ஏற்றி, மேலிடம் கேட்கும் படிவத்திலும் நிரப்புகிறார். இந்தப் பதிவு வேலை தங்களை வீடுகளுக்குப் போக விடாமல் கட்டிப்போடுகிறது என்று செவிலியர் சங்கங்கள் பல முறை சொல்லியிருக்கின்றன. அவர் ஏற்றும் எண்கள் மாவட்டத்துக்கும் சென்னைக்கும் டெல்லிக்கும் போகின்றன. அவருக்குத் திரும்பி வர வேண்டியது காலையில் ஒரு சிறு பட்டியல்: இன்று எந்த நான்கு வீட்டுக்கு முதலில் போக வேண்டும், யாருக்கு ரத்தம் குறைவு, யாருக்கு அடுத்த வாரம் நாள் குறித்திருக்கிறது, அந்த வீட்டுக்கு வண்டி வரப் பாதை உண்டா. பட்டியலில் நான்கு பெயர் இருந்தால் அவர் நான்கு வீட்டுக்கும் போய்விடுவார். அவருக்கு வழி தெரியும்.